நகரியில் எடைக்கு விற்கும் துண்டுத் துணிக் கடை

விசைத்தறிகளுக்குப் பெயர்பெற்ற, ஆந்திரப் பிரதேசத்தின் நகரி என்ற ஊரில், பணி ஓய்வுக்குப் பின் தையலில் பொழுதைச் செலவிடும் எங்களைப் போன்றோர் அடிக்கடி செல்லும் சிறிய கடை ஒன்று, தறிக்கூடங்களிலும் தையற்கடைகளிலும் மிஞ்சும் துண்டுத் துணிகளைக் கிலோ கணக்கில் விற்கிறது. மீட்டர் கணக்கில் புதுத் துணி வாங்கி ஒட்டுப்போர்வை தைப்பது சிக்கனத்தில் சேராது என்பதால், இந்தக் கடையே எனக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது.

மூட்டையைக் கலைத்துத் தேர்ந்தெடுக்க அனுமதிக்கிறார்கள்; தமிழிலும் தெலுங்கிலும் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். ஆனால் பருத்தியும் பாலியெஸ்டரும் ஒரே குவியலில் கலந்து கிடப்பது பெருங்குறை. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணிக்குப் பாலியெஸ்டர் ஆகாது. சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வீட்டுக்கு வந்ததும் ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிரித்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்ப்பது நல்லது: காகிதம் எரியும் வாடையுடன் மென்மையான சாம்பலானால் பருத்தி, உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் செயற்கை இழை. பருத்தித் துண்டுகளையும் தைப்பதற்கு முன்பே நனைத்து உலர்த்திவிட வேண்டும். இல்லையெனில் முதல் சலவையில் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் சுருங்கி, போர்வை முழுவதும் சுருக்கம் விழும். அடர் சிவப்பு, கருநீலத் துண்டுகளை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

நூல்கண்டும் ஊசியும் இங்கே வாங்க வேண்டியதில்லை, வகை குறைவு. சேலைக் கரை ஓரங்களை நீளநீளமாகக் கட்டி வைத்திருப்பதுதான் இக்கடையின் சிறப்பு. அவற்றை மூன்று புரியாகப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் உறுதியான மிதியடி கிடைக்கிறது. முதுகு வலிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யவும் முடிகிறது.