வானப் படத்தில் நாளும் ஊரும் தேடுவது: ஆஸ்ட்ரோமெட்ரி.நெட், ஸ்டெல்லேரியம் நெடுநாள் பயன்பாட்டில்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படத்தில் எடுத்த நேரமோ இடமோ ஒட்டியிருக்காது; அனுப்பும்போதே உதிர்ந்துவிடும். மிச்சம் நட்சத்திரங்கள்தான். அவற்றிலிருந்து தேடிப் பிடிக்க, படத்து நட்சத்திரங்களை அடையாளம் காணும் ஆஸ்ட்ரோமெட்ரி.நெட் தளம், எந்த ஊர், எந்த நேரத்து வானத்தையும் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருள் இரண்டும் போதும். இரண்டும் இலவசம்.

ஆஸ்ட்ரோமெட்ரியில் படத்தை ஏற்றினால், வானத்தின் எந்தப் பகுதி, எத்தனை டிகிரி அகலம், எந்தப் பக்கம் சாய்வு என்று சொல்லும். போன் படத்தை முழுசாகப் போட்டால் பல நேரம் கைவிரித்துவிடும். தெருவிளக்கையும் ஜன்னல் வெளிச்சத்தையும் நட்சத்திரமாக எண்ணிக்கொள்ளும்; அகல லென்ஸ் வேறு ஓரங்களை இழுத்திருக்கும். தரையை வெட்டிவிட்டு, நடுவில் 20, 30 டிகிரி வானம் மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் தேறும். நேரம் மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். அதன் நட்சத்திரப் பட்டியலில் இல்லாத பளிச்சென்ற புள்ளி மிஞ்சினால் அது அநேகமாகக் கோள். கோள் இடம் மாறிக்கொண்டே இருக்கும்; காலத்தைப் பிடிக்கும் விஷயமே அதில்தான்.

மதுரை மாட்டுத்தாவணிப் பக்கமிருந்து, ஒத்தக்கடையில் இருக்கும் ஆனைமலையைப் பார்த்து எடுத்த படம் என்று வையுங்கள். மலைக்குக் கொஞ்சம் மேலே, கடகத்தில் சிவப்புப் புள்ளி: செவ்வாய். நல்ல உயரத்தில், ரோகிணிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று: வியாழன். வியாழன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 12 வருஷம். டிசம்பரில் அங்கே இருந்தது 2012இலும் 2024இலும். 2012 டிசம்பரில் செவ்வாய் பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் மேற்கே இறங்கிவிடும். ஆகவே 2024.

நாள்தான் சிக்கல். டிசம்பர் 7 இரவு 10 மணிக்குத் தெரியும் நட்சத்திரங்களே 22ஆம் தேதி 9 மணிக்கும் அதே இடத்தில் நிற்கும். தினம் 4 நிமிடம் முந்துகிறது. செவ்வாயை வைத்துப் பிரிக்கலாமென்றால், அது வக்கிரம் (பின்னோக்கி நகர்வது) தொடங்கிய வாரம் அது. கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. நிலா படத்தில் இருந்தால் யோகம். நாளைக்கு 13 டிகிரி, ஏறத்தாழ ஒரு நட்சத்திரம் நகரும். பஞ்சாங்கத்தைப் புரட்டினாலே நாள் கிடைத்துவிடும். திருக்கணிதம் எடுங்கள், வாக்கியத்தில் சில மணி நேரம் தள்ளிப்போகும்.

அப்புறம் ஸ்டெல்லேரியம். எஃப்6 அழுத்தி இடம் (மதுரை 9.93 வடக்கு, 78.12 கிழக்கு), எஃப்5இல் தேதி, நேரம். நேர மண்டலம் 5.30தானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேறு மண்டலம் ஒட்டிக்கொண்டிருந்தால் விடை மணிக்கணக்கில் பிசகும். ஜி விசை தரையை மறைக்கும். படத்தில் செவ்வாய் மலைமுகட்டுக்கு மேலே எத்தனை டிகிரி என்று அளந்து, நிமிடத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பொருத்த வேண்டும். செங்குத்துக்கு, படத்தின் நடுவில் நிற்கும் விளக்குக் கம்பத்தை நம்பலாம். ஓரத்துக் கம்பம் சாய்ந்து ஏமாற்றும்.

இடத்தை இதைவிட நெருக்கிப் பிடிக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். துருவ நட்சத்திரத்தின் உயரம் ஏறத்தாழ ஊரின் அட்சரேகை; மதுரையில் அது 10 டிகிரிதான். மரமோ மாடியோ மறைத்துவிடும். உயரத்தில் 1 டிகிரி பிசகினால் தெற்குவடக்காக 111 கி.மீ. நேரத்தில் 4 நிமிடம் பிசகினால் கிழக்குமேற்காக 1 டிகிரி, அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவே. தேனியா மதுரையா என்று போன் படத்து நட்சத்திரம் சொல்லாது. படுத்த யானை மாதிரி மலைக்கோடு தெரிந்ததால்தான் இது ஒத்தக்கடைப் பக்கம் என்று சொல்ல முடிந்தது. மொட்டைமாடியும் தென்னையும் மட்டும் தெரியும் படத்துக்கு ஒருவர் ஊர்ப்பெயரே சொன்னால், வேறு எதையோ வைத்துச் சொல்கிறார் என்று பொருள்.