முயலின் பின்னங்கால் புண்: மட்டக்களப்பு வெயிலிலும் மாரியிலும் பாவித்துப் பார்த்தவை

கல்லடியில் வீட்டுக்குள்ளேயே இரண்டு முயல் வளர்க்கிறோம். சீனி வெள்ளை நியூசிலாந்து இனத்துப் பெட்டை, எடை 4 கிலோவுக்கு மேல். கறுவல் றெக்ஸ் கலப்பு, ஆளும் சின்னது, எடையும் குறைவு. இரண்டுக்குமே பின்னங்காலடியில் புண் வந்து ஆறியிருக்கிறது. கறுவலுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. இந்த வருடங்களில் விரித்த விரிப்பு, பூசிய மருந்து, மாற்றிய கூடு எல்லாவற்றையும் வைத்துச் சொல்கிறேன்: நூறு மார்க்கில் தரைக்குத் தொண்ணூறு கொடுக்கலாம், மருந்துக்குப் பத்துத்தான். அந்தத் தரையிலும் நம் ஊரைப் பொறுத்தவரை மெத்தென்று இருப்பதைவிட ஈரமில்லாமல் இருப்பதுதான் பெரிய விஷயம். வெளிநாட்டு ஆட்கள் சொல்லும் ஆலோசனைகளில் பாதி இங்கே எடுபடாமல் போவது இதனால்தான்.

நாய், பூனைக்கு இருப்பது போன்ற சதை மெத்தை முயலின் உள்ளங்காலில் இல்லை. தோலுக்கும் தரைக்கும் நடுவே இருப்பது அடர்ந்த மயிர் மட்டும். மண்ணிலோ புல்லிலோ நிற்கும்போது நகம் உள்ளே புதையும், பாரம் விரல்களுக்கும் பகிர்ந்து போகும். சீமெந்துத் தரையிலும் மாபிளிலும் நகம் புதையாது. விரல்கள் மேலே தூக்கிக்கொள்ள, உடம்பின் பாரம் முழுக்கக் குதிகாலில் இறங்கும். அந்த இடத்தில் மயிர் தேயும், தோல் சிவக்கும், வெடிக்கும். அப்புறம் கிருமி புகும். பெரும்பாலும் ஸ்டாஃபிலோகொக்கஸ் என்ற பக்டீரியாதான். றெக்ஸ் இனத்தின் மயிர் வெல்வெட் மாதிரி குட்டையானது, நீளமான காவல் மயிர் அதற்கு இல்லை. பாரமான சீனியைவிட இலேசான கறுவலுக்கே அதிகம் வந்ததற்குக் காரணம் இதுதான்.

கடையில் கூட்டோடு சேர்த்துக் கொடுத்தது கம்பித் தரை. புழுக்கை கீழே விழுந்துவிடும், சுத்தம் செய்வது சுகம் என்றார்கள். சுகம்தான், முயலுக்கு அல்ல. கம்பி இடைவெளியில் நகம் மாட்டுகிறது, பாரம் முழுவதும் மெல்லிய கோடுகளில் இறங்குகிறது. கம்பிக்கு மேலே மரப்பலகை அடித்துப் பார்த்தேன். பலகை சிறுநீரைக் குடித்து நாறியது. கடைசியில் கூட்டையே விட்டுவிட்டு அறையின் ஒரு மூலையை வேலியடைத்துக் கொடுத்தோம். ஓட இடம் கிடைத்ததால் ஒரே இடத்தில் குந்தியிருக்கும் நேரம் குறைந்தது. அதுவும் காலுக்கு நல்லது.

விரிப்புகளுக்கு வருகிறேன். எல்லோரும் புகழும் ஃபிளீஸ், அதாவது மெத்தென்ற செயற்கை இழைப் போர்வையைத்தான் முதலில் போட்டேன். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் குறை சொல்ல முடியாது. கொடியில் போட்டு வேறு வேலை பார்த்து வருவதற்குள் காய்ந்துவிடும். ஆனால் ஃபிளீஸ் தானாக ஈரத்தை உறிஞ்சாது, கீழே ஒரு துவாயாவது இருந்தால்தான் ஈரத்தைக் கீழே விடும். கார்த்திகை, மார்கழி மழை பிடித்ததும் அந்தத் துவாய் காயவே காயாது. பூஞ்சண வாடை வேறு. கறுவலுக்கு மறுபடி தோல் சிவந்தது அப்படி ஒரு மாரியில்தான். ஃபிளீஸ் பாவிப்பவர்கள் துணியை மென்மையாக்கும் திரவம் போட்டுத் துவைக்காதீர்கள், அது இழையில் படிந்து ஈரம் இறங்காமல் செய்துவிடும். துவாயை மட்டும் தனியாக விரிக்கவும் வேண்டாம். அதன் நூல் வளையத்தில் நகம் சிக்கும்.

பிள்ளைகள் விளையாடும் ஸ்பொஞ்ச் பாய், ஒன்றோடொன்று கோர்ப்பது, காலுக்கு அருமையாக இருந்தது. சீனி அதைத் தின்னத் தொடங்கினாள். ஸ்பொஞ்ச் துண்டு குடலை அடைத்தால் கால்புண்ணைவிடப் பெரிய ஆபத்து. அன்றைக்கே எடுத்துவிட்டேன். வாசலில் போடும் தும்புக் கால்மிதி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது தோலை உரசித் தேய்க்கும், வேண்டாம்.

நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு வைக்கோலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அறுவடை முடிந்த கையோடு எடுத்து வெயிலில் காயவைத்த வைக்கோலைத் தடிப்பாகப் போட்டால் கால் புதையும், ஈரம் கீழே இறங்கும், முயலும் கொறிக்கும். மலிவுதான். நாள்தோறும் மேல்தட்டைக் கிளறி ஈரமானதை எடுத்துவிட வேண்டும். மழையில் நனைந்து கறுத்த வைக்கோலை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்க வேண்டாம், பூஞ்சணம் முயலின் மூச்சுக்கு ஆகாது. உமி வேறு கதை. தூசு பறக்கும், முனை கூர்மை, திறந்த புண்ணில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. மலசலத் தட்டின் அடியில் உமி போட்டு அதன்மேல் வைக்கோல் பரப்பலாம், அவ்வளவுதான். அந்தத் தட்டைப் பலர் கவனிப்பதில்லை. முயல் புல் மென்றபடி அதிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருக்கும். அறை முழுக்க விரித்துவிட்டுத் தட்டை ஈரமாக விட்டால் பிரயோசனமில்லை.

இப்போது நிரந்தரமாக இருப்பது பன்பாய். நம் பக்கத்துப் பெண்கள் பன்புல்லில் இழைக்கும் அதே பாய்தான். என் பெத்தா (பாட்டி) வந்து பார்த்துவிட்டு, "என்ன மனே, மனுசர் படுக்கிற பாயில முயலையா விட்டிருக்காய்?" என்று கேட்டா. அவவுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது இங்கே தேவையில்லை. பன்பாயில் கொஞ்சம் இழுவை இருப்பதால் கால் வழுக்காது. அடியில் காற்று போவதால் வேர்க்காது. கொறித்தாலும் புல்தானே. ஆனால் தனிப் பாய் தட்டையாகவும் சற்றுக் கடினமாகவும் இருக்கும், புண் உள்ள காலுக்கு அது போதாது. ஆகவே பாயின் மேல் ஆண்கள் உடுத்தும் பழைய பருத்திச் சாரத்தை இரண்டாக மடித்து விரிக்கிறேன். மருதமுனைக் கைத்தறிச் சாரம் பழசானால் அவ்வளவு மெதுவாக இருக்கும், மாரியிலும் மின்விசிறிக் காற்றில் ஒரு இரவில் காய்ந்துவிடும். ஃபிளீஸ் என்னிடம் தோற்றது இந்த இடத்தில்தான். குறை என்னவென்றால் பாயில் சிறுநீர் ஊறினால் நாற்றம் போகாது, கழுவிக் காயவைத்தாலும் ஓரம் பிரியத் தொடங்கும். செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடற்கரைப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு வளவு மணல் ஒரு வரம். வெயில் தணிந்த பின்னேரத்தில் இரண்டையும் வளவில் விடுகிறோம். நகம் புதைகிறது, தோண்டுகிறார்கள், பாரம் விரலுக்குப் போகிறது. நடுப்பகல் மணல் சுடும், விடக் கூடாது. நாய், கீரி, காகம் எல்லாம் நோட்டம் பார்க்கும், பக்கத்தில் ஆள் வேண்டும். வளவில் விடுவதால் தெள்ளு வந்தால் நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் மருந்தை முயலுக்குப் போடவே கூடாது. உயிர் போய்விடும்.

வெயில் காலத்தின் சிக்கல் வேறு. எவ்வளவு நல்ல விரிப்புப் போட்டாலும் முயல் அதை ஒதுக்கிவிட்டு வெறும் சீமெந்தில் போய் இருக்கும், குளிர்ச்சிக்காக. பக்கவாட்டில் நீட்டிப் படுத்தால் பரவாயில்லை, குந்தியிருப்பதுதான் காலைக் கெடுக்கும். ஐஸ் போத்தலைத் துணியில் சுற்றி வைத்தேன். போத்தல் வேர்த்து விரிப்பு நனைந்தது. இப்போது போத்தலை ஒரு தட்டில் வைத்து விரிப்புக்கு வெளியே, முயல் சாய்ந்துகொள்ளும் தூரத்தில் வைக்கிறேன்.

சரி, புண் வந்துவிட்டால்? மயிர் விலகி இளஞ்சிவப்புத் தோல் தெரிகிறது, வெடிப்போ காயமோ இல்லை என்றால் தரையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். காய்த்துப்போன தடித்த தோல் இருந்தால் அதை உரிக்க வேண்டாம், அதுதான் இப்போது காவல். சுற்றியுள்ள மயிரையும் வெட்டக் கூடாது. தோல் வெடித்து இரத்தமோ பொருக்கோ தெரிந்தால் பொவிடோன் அயடீனை வெறும் தேத்தண்ணி நிறத்துக்கு நீர்விட்டு ஐதாக்கிக் கழுவி, ஒற்றி, நன்றாகக் காயவிட்டு, சில்வர் சல்ஃபாடயசின் கிறீமை மெல்லிதாகப் பூசுகிறேன். மிருக வைத்தியர் சொல்லித் தந்தது இது, எங்களுக்கு நன்றாகவே வேலை செய்தது. ஹைட்ரஜன் பெரொக்சைட் நுரைப்பதைப் பார்த்தால் சுத்தமாகிறது என்று தோன்றும், ஆறும் தோலையும் சேர்த்துக் கெடுக்கும். வீட்டில் கிடக்கும் சொறி கிறீம்களில் ஸ்டீரொய்ட் இருக்கலாம், முயல் நக்கும், ஆகாது. தேன் பூசலாம் என்பார்கள். மருத்துவத் தேனுக்குப் புண் ஆற்றும் குணம் உண்மையிலேயே உண்டு. ஆனால் நம் வீடுகளில் தேன் பூசிய காலை எறும்பு தேடி வந்துவிடும், நான் விட்டுவிட்டேன்.

கட்டுப் போடுவது தனிக் கலை. முயலின் கால் கூம்பு வடிவம், கட்டு நழுவும், நழுவி ஓரிடத்தில் இறுகினால் இரத்தவோட்டத்தை அடைக்கும். விரல் நுனி வீங்குகிறதா, குளிர்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரமான கட்டு கட்டாமல் விட்டதைவிட மோசம், அதனால் தினமும் மாற்ற வேண்டும். எங்களுக்குச் சரிவந்தது, கிறீம் பூசி ஊறும்வரை மடியில் வைத்துக்கொண்டு கொத்தமல்லித் தழை கொடுத்து ஏமாற்றுவது. அந்த நேரத்துக்கு நக்குவதில்லை.

வீக்கம் வந்தாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ, முயல் நொண்டினாலோ, பல்லை நறநறவென்று கடித்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். முயலின் சீழ் எருமைத் தயிர் போலக் கெட்டியாக இருக்கும், தானாக வடியாது. உள்ளே போனால் தசைநாண், எலும்பு என்று பிடிக்கும், எலும்பைப் பார்க்க எக்ஸ்ரே வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் பேராதனை மிருக வைத்திய பீடத்து வைத்தியசாலை வரை யோசிக்க வேண்டியிருக்கும், செங்கலடியிலிருந்து போகும் ஏ5 வீதி முடிவதும் பேராதனையில்தான் என்றாலும் அந்தச் சூட்டில் முயலைக் கொண்டுபோவது சின்ன வேலையா? ஒரு விடயம் கட்டாயம்: ஆடு, மாடு பார்க்கும் இடத்தில் கேட்டாலும், பாமசியில் கேட்டாலும், அமொக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்தை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்க விடாதீர்கள். குடலில் உள்ள நல்ல கிருமி செத்து முயலே போய்விடும். வலிக்கு மெலொக்சிகாம் கொடுப்பார்கள், அளவை வைத்தியரே சொல்ல வேண்டும். வலியில் அரை நாள் சாப்பிடாமல் கிடந்தால் அதுவே அவசரம், காலை அப்புறம் பார்க்கலாம். திறந்த புண்ணில் இலையான் மொய்க்கவும் விடக் கூடாது, நம் வெயிலில் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

நகத்தையும் எடையையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நகம் நீண்டால் பாரம் பின்னுக்குத் தள்ளப்படும், மாதத்துக்கொரு தடவை நுனியை வெட்டுகிறேன். கறுவலின் கறுத்த நகத்துக்கு டோர்ச் அடித்தால் உள்ளே இரத்த நாளம் எதுவரை என்று தெரியும். சீனி பாண், சோறு, வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்தி கினிப்புல்லுக்கு வந்த பிறகுதான் மெலிந்தாள். விருந்தாளிகள் ஆசையாகப் பிஸ்கட் நீட்டுவதை நிறுத்துவதுதான் இன்னும் நடக்கவில்லை.

கறுவலின் இரண்டு குதிகாலிலும் மயிரில்லாத காய்ப்பு இருக்கிறது, அது போகாது போலிருக்கிறது. வெடிப்பில்லாமல், சிவக்காமல், காய்ந்து இருந்தால் அதை நான் தொடுவதில்லை. பாய் வாங்குபவர்களுக்கு: சிவப்பு, பச்சைச் சாயம் போட்ட வடிவான பாயை விட்டுவிட்டு, சாயமில்லாத வெள்ளைப் பாயாகக் கேளுங்கள். கொறிக்கப் போகிறது அல்லவா. இழைப்பவர்களிடம் நேரே போனால் ஓரம் கோணிய பாயை மலிவாகத் தருவார்கள். முயலுக்கு ஓரம் நேராக இருந்து என்ன ஆகப்போகிறது?