அமெரிக்கச் சொத்து இடைவெளி: செயற்பாட்டுவாதமா, முரண்பாட்டுக் கோட்பாடா?

அமெரிக்காவின் மொத்தச் சொத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மேல்மட்ட 10 சதவீதக் குடும்பங்களிடம் இருக்கிறது. கீழ்ப்பாதிக்கு 3 சதவீதம்கூட இல்லை. இதை எந்தக் கோட்பாடு நன்றாக விளக்குகிறது?

சமூகவியலாளர்கள் கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் 1945-இல் முன்வைத்தது செயற்பாட்டுவாத விளக்கம், அதாவது சமூகம் இயங்க ஏற்றத்தாழ்வு தேவை என்ற பார்வை (functionalism): வேலை முக்கியம், பயிற்சி நீண்டது, ஆள் குறைவு, ஆகவே வெகுமதி அதிகம். அறுவை சிகிச்சை மருத்துவரின் சம்பளத்துக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் சம்பளம் வேறு, சொத்து வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். ஏழை வீட்டுப் பிள்ளையின் திறமை வெளிவர ஏற்றத்தாழ்வே தடையாகிறது என்று 1953-இல் சமூகவியலாளர் மெல்வின் டூமின் கொடுத்த மறுப்பு இன்றும் வலுவானது.

ஏற்றத்தாழ்வை அதிகாரப் போட்டியின் விளைவாகப் பார்க்கும் முரண்பாட்டுக் கோட்பாடு, விதிகளை எழுதியது யார் என்று கேட்கிறது. 10 லட்சம் டாலருக்கு வாங்கிய பங்குகள் 1 கோடியானபின் உரிமையாளர் இறந்தால், வாரிசுக்கு அடக்கவிலை (லாபத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் வாங்கிய விலை) 1 கோடியாகவே கணக்கிடப்படும். இடையில் வளர்ந்த 90 லட்சத்துக்கு மூலதன ஆதாய வரியே கிடையாது. இதில் வாரிசின் பயிற்சி எங்கே, உழைப்பு எங்கே?

வீட்டுக்கடனும் அப்படித்தான். 1934-இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளின் கடன்களுக்குக் காப்பீடு தர மறுத்தது. அதனால் அங்கே கடன் வாங்கி வீடு வாங்குவதும், அதன்வழி சொத்துச் சேர்ப்பதும் கடினமானது. 1968-இல் சட்டம் இந்தப் பாகுபாட்டைத் தடைசெய்தது. ஆனாலும் 2022-இல் வெள்ளையினக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து) சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்குச் சுமார் 45,000.

மருத்துவருக்கும் செவிலியருக்கும் உள்ள ஊதிய வேறுபாட்டை விளக்க முரண்பாட்டுக் கோட்பாடு திணறும். சொத்து என்று வந்தால் என் தேர்வு அதுதான்.