14,800 ரூபாய் டின்னர் செட்: வேலூர்ப் பக்கம் வாங்கப் போகிறவர்கள் பார்த்து வாங்குங்கள்

14,800 ரூபாய். ஆறு பேர் சாப்பிடுகிற ஒரு டின்னர் செட்டுக்கு நாங்கள் கொடுத்த பணம் இது. நேற்று சாயங்காலம் அந்தக் கடை மேனேஜர், "இதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்து வந்தவரைப் பார்த்து "வாங்க சார்" என்று சிரித்தார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நாகரிகமாக எழுதிவிடுவேன், அது யாருக்கும் பிரயோஜனப்படாது.

கடை பெயரைப் போடவில்லை. கீழே எவர்சில்வர், குக்கர், பித்தளை. மாடியில் ஏசி போட்டு பீங்கானும் கண்ணாடியும் அடுக்கியிருக்கும் பெரிய பாத்திரக் கடை என்ற அளவு போதும்.

எங்களுக்குக் காட்பாடி. வீட்டில் தினப்படி சாப்பாடு ரோட்டோரம் குவித்துப் போட்டு விற்கிற பீங்கான் தட்டில்தான். உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவிலிருந்து லாரியில் வருகிற சரக்கு. லேசாகக் கோணல் இருக்கும், பூ ஒரு பக்கம் அழிந்திருக்கும், தட்டு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். "எத்தனை நாளைக்கு இதுலயே சாப்பிடறது, நல்லதா ஒண்ணு வாங்கிட்டா பத்து வருஷத்துக்கு அந்தப் பக்கமே போக வேணாம்" என்று வீட்டுக்காரர் சொன்னார். விலை கூட இருந்தால் உழைக்கும் என்பதுதானே கணக்கு. அப்படித்தான் போனோம், அத்தையும் கூட வந்தார்.

மாடியில் இருந்த பையன் ரொம்ப மரியாதையாகப் பேசினான். வெள்ளைத் தட்டு, விளிம்பில் மெல்லிசாகத் தங்கக் கோடு, ஓரத்தில் சின்ன நீலப் பூ. "போன் சைனாக்கா, ஜெய்ப்பூர் சரக்கு. டெய்லி யூஸ் பண்ணலாம், மைக்ரோவேவ்ல வைக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்றான். நான் யோசிப்பதைப் பார்த்துவிட்டு ஒரு தட்டைக் கார்பெட் மேல் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறியே நின்றான். எழுபது கிலோவாவது இருப்பான். தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு மெதுவாக இறங்கினான். வியாபாரம் முடிந்தது என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

அத்தை சைவம். "போன்னா எலும்பாப்பா?" என்று கேட்டார். உண்மையான போன் சைனாவில் மாட்டெலும்புச் சாம்பல் கலப்பார்கள், நல்ல சரக்கில் கிட்டத்தட்டப் பாதி அதுதான். அவன் கொஞ்சமும் அசராமல், "ஐயோ பாட்டி, இதுல அதெல்லாம் கிடையாது" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரிஜினல்க்கா" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். ஒரே தட்டு, பாட்டிக்கு எலும்பில்லாதது, எனக்கு ஒரிஜினல்!

16,500 சொன்னதைப் பேசிப் பேசி 14,800க்கு இறக்கினான். அஞ்சு வருஷத்துக்குள் விளிம்பு போனால் அந்த பீஸை மாற்றித் தருவோம் என்று கடை விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டான். பில்லில் 'டின்னர் செட் 1' என்று மட்டும் இருந்தது. அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று சீல்.

மூன்றாவது வாரம் இரண்டு தட்டில் விளிம்பு பெயர்ந்தது. கீழே போட்டு அல்ல, சிங்க்கில் ஒன்றோடு ஒன்று பட்டே. அதற்கு முன்பே தங்கக் கோடு தேய்ந்து அங்கங்கே வெள்ளையாகிவிட்டது. இருந்த மிச்சக் கோடு மைக்ரோவேவில் வைத்தவுடன் பட் பட் என்று பொறி விட்டது. அது உலோகம், பொறி விடத்தான் செய்யும். வைக்கலாம் என்று சொல்லி விற்றது அவர்கள். கோடு முழுசும் போன கிண்ணத்தை வைத்தால் இன்னொரு கூத்து: கிண்ணம் கையைச் சுடும், உள்ளே சாதம் ஜில்லென்று இருக்கும். அப்புறம் தட்டு முழுக்க மயிரிழை மாதிரி வலைவலையாகக் கோடு விழுந்து, சாம்பார் மஞ்சள் அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. என்ன தேய்த்தும் போகவில்லை.

சரி, கார்டு இருக்கிறதே என்று போனோம். அந்தப் பையன், "நான் இப்ப கிரைண்டர் செக்‌ஷன்க்கா" என்றான். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். இன்னொரு நாள் கம்பெனி ரெப் செவ்வாய்க்கிழமை வருவார் என்றார்கள், எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை. போட்டோ அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். பிறகு விசாரணை எங்கள் மேல் திரும்பியது. எந்த சோப்புப் போடுகிறீர்கள்? கம்பி நார் போட்டுத் தேய்த்தீர்களா? உங்கள் பக்கம் போர் தண்ணி உப்பாச்சே? உப்புத் தண்ணியால் வெள்ளைப் படலம் படியும், அதைப் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும், விளிம்பு பெயருமா? கடைசியில் மேனேஜர், "சாம்பார் கொதிக்கக் கொதிக்க ஊத்தியிருப்பீங்க" என்றார். சாம்பாரை ஆறவைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்றால் அது என்ன சாப்பாட்டுத் தட்டு?

எங்கள் பெரியப்பா ராணிப்பேட்டையில் பீங்கான் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு உடைந்த தட்டைக் கொண்டுபோனேன். கையில் வாங்கினதும் சுண்டிப் பார்த்தார், 'டொக்' என்றது. வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பின்னால் விரலை வைத்தார், நிழலே தெரியவில்லை. போன் சைனாவாக இருந்தால் மெல்லிசான இடத்தில் விரல் நிழல் தெரியும், சுண்டினால் கணீர் என்று நீளும். அப்புறம் தட்டின் அடி வளையத்தில் பளபளப்புப் பூச்சு இல்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணி வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறிஞ்சிவிட்டது.

"மண்ணு சரியா வேகலம்மா" என்றார்.

அதோடு விடவில்லை. உடைந்த துண்டை எடை போட்டார், 180 கிராம். தண்ணியில் இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, இரவெல்லாம் அதிலேயே ஊறவிட்டு, துடைத்துத் திரும்பப் போட்டால் 203. நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் தண்ணி குடித்திருக்கிறது. பாத்ரூமில் வைக்கிற கை கழுவும் பேசின் அரை சதவீதத்துக்கு மேல் குடித்தால் ஆலையில் கழித்துவிடுவார்களாம். 14,800 ரூபாய்த் தட்டு அந்தப் பேசினுக்குக்கூட உறை போடக் காணாது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். ஆயிரம், ஆயிரத்து நூறு டிகிரியோடு நிறுத்திவிட்ட மண் உள்ளே துளைத்துளையாகவே இருக்கும். 1200 டிகிரிக்கு மேல் போனால்தான் அதற்கேற்ற மண் உருகி இறுகித் துளை அடைபடும். துளை இருக்கிற தட்டு தண்ணியைக் குடித்து லேசாக உப்பும், மேலே இருக்கிற கண்ணாடிப் பூச்சு அதோடு நீளாது, வெடிக்கும். அந்த வலைக்கோடு அதுதான். மைக்ரோவேவில் சாதத்துக்கு முன்னால் கிண்ணம் சுட்டதும் அது குடித்து வைத்திருந்த தண்ணியால்தான். அம்மா வீட்டு ஊறுகாய் ஜாடி உப்பும் எலுமிச்சையும் போட்டு எனக்கு நினைவு தெரிந்த நாளாக அசையாமல் இருக்கிறது என்றால் அது நன்றாக வெந்த ஜாடி. எங்கள் குர்ஜா தட்டுகளும் அந்தச் சொட்டுத் தண்ணிச் சோதனையில் தேறிவிட்டன. தடிமன், உருண்ட விளிம்பு, பார்க்க அழகில்லை. ஆனால் ஓட்டலுக்கு வாங்குகிற தட்டும் அப்படித்தான் விளிம்பு உருட்டி வரும், முதலில் அடிபடுவது விளிம்புதானே.

அந்தப் பையன் ஏறி நின்றதைக் கேட்டுப் பெரியப்பா சிரித்தார். பீங்கான் அமுக்கினால் தாங்கும், வளைத்தாலோ சுரீரென்று ஓரத்தில் இடித்தாலோதான் போகும். மெத்தென்ற கார்பெட்டில் கவிழ்த்துவைத்து மெதுவாக ஏறினால் சுமாரான தட்டே நிற்குமாம்.

விலை குறைந்ததெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. மெலமைன் தட்டு வாங்கிப் பார்த்தாயிற்று, கீறல் விழுந்து மஞ்சள் ஏறிவிடும், மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. பக்கத்து வீட்டில் ஓப்பல் கண்ணாடி செட். பல தடவை விழுந்தும் தப்பிய கிண்ணம் ஒரு நாள் லேசாக இடித்ததற்கு அடுப்படி முழுக்கச் சிதறியது. பதப்படுத்திய கண்ணாடி உடைந்தால் அப்படித்தான் உடையும். நிஜமான போன் சைனா உண்மையிலேயே கெட்டியானது, அதற்கு விலை கொடுக்கலாம். ஆனால் நாங்கள் கொடுத்த 14,800 பெட்டிக்கும் தங்கக் கோட்டுக்கும்தான் போயிருக்கிறது, சூளைக்குப் போகவில்லை.

இதையெல்லாம் நேற்று மேனேஜரிடம் சொன்னேன். எடை எழுதிய சீட்டைக்கூட நீட்டினேன். பார்க்கவே இல்லை. "அந்தப் பையன் வேலையை விட்டுட்டான் மேடம், அவன் கார்டுல எழுதினதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?" என்றார். சீலைக் காட்டினார். குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாள் கணக்கு. நாங்கள் மூன்றாவது வாரமே போய்ச் சொன்னோம், வாட்ஸப்பில் தேதியோடு இருக்கிறது. சொன்னேன். "கேஸ் போட்டுக்கோங்க" என்றார்.

போடத்தான் போகிறோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் எண் வாங்கியாயிற்று. அடுத்தது வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு நிறைய எழுத நினைத்தேன், இப்போது வருவது இவ்வளவுதான். சுண்டிப் பாருங்கள். அடி வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணி வையுங்கள், வேண்டாம் என்று தடுத்தால் இறங்கி வந்துவிடுங்கள். தினப்படிக்குத் தங்கக் கோடு வேண்டாம். என்ன சரக்கு, எத்தனை வருஷம் என்பதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள், கார்டில் அல்ல. செட்டாக வாங்காமல் முதலில் இரண்டு தட்டு வாங்கி ஒரு மாதம் புழங்குங்கள்.

இதே நீலப் பூ, தங்கக் கோடு செட்டை வேலூரில் வாங்கி இதே பதில் கேட்டவர்கள் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். சேர்ந்து மனு கொடுக்கலாம்.