ரொட்டவேட்டருக்கு சக்கர ஸ்டாண்ட் செய்யக் கொடுக்கிறீர்களா? பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் போய்ப் பாருங்கள்

டிராக்டர் கருவிகளுக்கு அடியில் சக்கரம் வைத்த ஸ்டாண்ட் செய்துகொள்வது நல்ல யோசனைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரைத் தரையில் இறக்கிவிட்டால் அது அங்கேயே உட்கார்ந்துவிடும். மறுபடி மாட்டும்போது, கருவியைப் பிடிக்கும் டிராக்டரின் பின்பக்கக் கைகளில், அதாவது லிங்க்குகளில், ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் இரண்டு விரல் தள்ளி நிற்கும். கடப்பாரை போட்டு நெம்பி இடுப்பு விட்டுப்போகும். சக்கரத்தின் மேல் இருந்தால் ஒரே ஆள் தள்ளி, ஓட்டைக்கு நேராகக் கொண்டுவந்து பூட்டும் பின்னைப் போட்டுவிடலாம். ஷெட்டிலும் மூலையில் ஒதுக்கி வைக்கலாம்.

நான் எச்சரிக்க வந்தது அதை வெளியே வெல்டிங் பட்டறையில் செய்யக் கொடுப்பவர்களை. வரைபடம் என்னுடையது. அளவெல்லாம் எழுதிக் கொடுத்தேன்: 2 அங்குல ஸ்கொயர் பைப், 3 மி.மீ. கனம், நான்கு திரும்பும் சக்கரம், சக்கரம் ஒவ்வொன்றும் 300 கிலோ தாங்க வேண்டும், போல்ட் போட்டுப் பொருத்த வேண்டும். பட்டறைக்காரர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். வந்து சேர்ந்த ஸ்டாண்ட் பார்க்க அவ்வளவு அழகு. பளபளவென்று பெயின்ட், ஜாயின்ட் எல்லாம் வழவழ, பைப் முனைகளைக்கூட தகடு வைத்து மூடியிருந்தார். எழுதிக் கொடுத்ததில் ஒன்றுகூட உள்ளே இல்லை.

ரொட்டவேட்டரை ஏற்றித் தள்ளும்போது, ஷெட் தளத்தில் இருந்த கான்கிரீட் இணைப்புக் கோட்டில் முன்சக்கரம் ஒன்று இடறியது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை அப்படியே பக்கவாட்டில் மடங்கிவிட்டது. ஸ்டாண்ட் சாய, ரொட்டவேட்டர் டிராக்டர் டயரில் மோதி நின்றது. டயர் அங்கே இல்லாமல் என் மகன் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதத் தேவையில்லை. 6 அடி ரொட்டவேட்டர், 450 கிலோ.

அதற்கப்புறம் ஸ்டாண்டைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில் சக்கரம். ஸ்டிக்கரில் 300 கிலோ என்றுதான் இருந்தது. வாங்கிய கடையில் விசாரித்தால், அது நான்கு சக்கரமும் சேர்ந்து தாங்கும் எடையாம். அதாவது ஒன்றுக்கு 75 கிலோ. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். மொத்த எடையை நான்கால் வகுத்துக் கணக்குப் போடக் கூடாது, மூன்றால்தான் வகுக்க வேண்டும். தளம் எங்கேயும் நூல் பிடித்த மாதிரி சமமாக இருக்காது, ஏதாவது ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும், பாரம் முழுக்க மற்ற மூன்றின் மேல் விழும். 450 கிலோ கருவி, 50 கிலோ ஸ்டாண்ட் என்று வைத்தால் சக்கரத்துக்கு 167 கிலோ வருகிறது. ரொட்டவேட்டரில் கியர் டிரைவ் இருக்கும் பக்கம் கனம் கூடுதல் என்பதால் அந்தப் பக்கச் சக்கரத்துக்கு இன்னும் ஏறும். மேடு பள்ளத்தில் இடறும் அடியும் சேர்ந்தால்? 300 கிலோ என்று நான் கேட்டது ஆசைக்கு இல்லை. ஸ்டிக்கரை நம்பாமல், ஒரு சக்கரத்துக்கா, செட்டுக்கா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நின்ற நிலையில் தாங்கும் எடையும் உருளும்போது தாங்கும் எடையும் வேறு வேறு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நமக்கு வேண்டியது இரண்டாவது.

அடுத்தது, சக்கரத்தின் தட்டை போல்ட் போடாமல் நேராக பைப்பில் வெல்டிங் வைத்திருந்தார். துளை போடும் வேலை மிச்சம் அவருக்கு. ஆனால் அந்தச் சூடு தட்டுக்கு அடியில், கவை திரும்ப உதவும் குண்டுகள் உள்ள பால்ரேஸுக்கு இறங்கி கிரீஸை எரித்துவிடுகிறது. மடங்கிய சக்கரத்தைக் கையால் திருப்பினால் கரகரவென்று பாதியில் நின்றது. திரும்ப வேண்டிய சக்கரம் திரும்பாவிட்டால், தள்ளும் விசை முழுக்கக் கவையைப் பக்கவாட்டில்தான் முறிக்கும். மேலே துத்தநாகப் பூச்சு வேறு. அதன் மேல் வெல்டிங் வைத்தால் புகையும் கெடுதி, ஒட்டும் பிடிக்காது. பிறகு சக்கரம் தேய்ந்தால் கழற்றி மாற்றவும் வழியில்லை.

பைப்புக்கு வருகிறேன். மூடிய முனையை கிரைண்டரில் அறுத்து, கனம் அளக்கும் வெர்னியர் வைத்தேன்: 1.6 மி.மீ. முனையை மூடுவது மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க நல்லதுதான், ஆனால் கனத்தை மறைக்கவும் அதைவிட நல்ல வழி கிடையாது. அறுக்காமலே கண்டுபிடிக்கலாம், எடை போட்டால் போதும். 50 க்கு 50 பைப் 3 மி.மீ. கனத்தில் மீட்டருக்கு 4.3 கிலோ அளவில் நிற்கும், 1.6 என்றால் 2.4 கிலோ சுற்றுவட்டாரம்தான். பெரிய வித்தியாசம், தராசில் பொய் சொல்ல முடியாது. சக்கரம் மாட்டும் முன் சட்டத்தை மட்டும் தூக்கி எடை மேடையில் வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த வழவழ ஜாயின்ட். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன். பெயின்ட் உரிந்தது, அதன் கீழே புட்டி, சாக்பீஸ் தூள் போல உதிர்ந்தது. புட்டிக்கு அடியில் மூலைக்கு ஒன்றாக நான்கு பொட்டு வெல்டிங். நடுவில் முழுக்க இடைவெளி, உள்ளே விரல் நகம் போனது. சுற்றிலும் ஓட்ட வேண்டிய வெல்டிங்கை பொட்டு வைத்துவிட்டு, மிச்சத்தைப் புட்டியால் நிரப்பியிருக்கிறார். நல்ல வெல்டிங் அழகாக இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை, மீன் செதில் மாதிரி மேடாகத் தெரிந்தாலே நிம்மதி. பாரம் தாங்கும் ஸ்டாண்டில் புட்டிக்கு என்ன வேலை?

அதனால்தான் தலைப்பிலேயே சொன்னேன், பெயின்ட் அடிக்கும் முன் போய்ப் பாருங்கள் என்று. சட்டம் கறுப்பு இரும்பாக இருக்கும்போது, முனை திறந்திருக்கும்போது, வெர்னியரோடு போங்கள். பெயின்டை வீட்டுக்குக் கொண்டுவந்து நாமே அடித்துக்கொள்ளலாம், அது ஒரு வேலையே இல்லை.

இப்போது இருப்பது நானே வீட்டில் மறுபடி செய்தது, வெல்டிங் மிஷின் மட்டும் இரவல். சக்கரம் 6 அங்குலம், இரும்பு உள்வட்டத்தில் பாலியூரிதேன். கெட்டி நைலான் சக்கரம் சமதளத்தில் லேசாக உருளும், ஆனால் சின்னக் கல் சிக்கினாலும் நின்றுவிடும். ரப்பர் சக்கரம் மாதக்கணக்கில் பாரத்தோடு நின்றால் அடி தட்டையாகிவிடும். பிரேக் வாங்கும்போது, சக்கரம் உருள்வதையும் கவை திரும்புவதையும் ஒன்றாகப் பூட்டும் வகையாகப் பாருங்கள். உருள்வதை மட்டும் பூட்டினால், லிங்க் மாட்டும்போது ஸ்டாண்ட் அசைந்து விளையாடும். சக்கரங்களைச் சட்டத்தின் வெளி மூலைகளில் வையுங்கள். தள்ளும் திசை மாறினால் கவை சுற்றி உள்பக்கம் வந்துவிடும், நிற்கும் அகலம் அந்த அளவுக்குக் குறையும்.

ரொட்டவேட்டர் கத்திகளின் மேல் நிற்கக் கூடாது. பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சறுக்குப் பட்டைகள் உட்கார ஸ்டாண்டில் பள்ளம் கொடுத்திருக்கிறேன், சுற்றி 2 அங்குலத் தடுப்பு. மாட்டியதும் ஹைட்ராலிக்கில் அந்தத் தடுப்பைத் தாண்டத் தூக்கிவிட்டு டிராக்டரை முன்னால் எடுத்தால் ஸ்டாண்ட் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். பல டிராக்டர்களில் வலது பக்கத் தூக்குக் கம்பியில்தான் உயரம் சரிசெய்ய முடியும். அதனால் இடது லிங்கை முதலில் மாட்டி, பிறகு வலது, கடைசியில் நடுவில் மேலே இருக்கும் டாப் லிங்க். டிராக்டர் பின்னால் வரும்போது நடுவில் யாரையும் நிற்க விடாதீர்கள். சாய்தளத்தில் இந்த ஸ்டாண்டே வேண்டாம்.

பட்டறைக்காரர் விஷயம். மேலே தகடு ஒட்டி இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்றார். 1.6 பைப்பில் தடித்த தகடு ஒட்டப்போனால் பைப் ஓட்டை விழும் என்று மறுத்துவிட்டேன். அறுத்த சட்டத்தை அவர் கண்ணெதிரிலேயே எடை போட்டுக் காட்டியபோது பேச்சு நின்றது, பைப் வித்தியாசத்துக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். சக்கரத்துக்கு, கடைக்காரரைக் கேளுங்கள் என்கிறார். கடைக்காரர், பட்டறையில் கேளுங்கள் என்கிறார். அந்தப் பணம் இன்னும் வரவில்லை.