கிராண்ட் ஜூரியா, பெட்டி ஜூரியா: அயர்லாந்தில் கைதிக்கு எது காவல்?

19ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் கொலை, தீவைப்பு போன்ற வழக்குகள் இரண்டு ஜூரிகளைத் தாண்ட வேண்டும். முதலில் வழக்கு விசாரணைக்குப் போகலாமா என்று பார்க்கும் கிராண்ட் ஜூரி, பிறகு குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பெட்டி ஜூரி. முதலாவதுதான் கைதிக்குக் கேடயம் என்று பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பு அதற்கு நேர்மாறு.

கிராண்ட் ஜூரியில் அதிகபட்சம் 23 பேர். எல்லாரும் கவுண்டி (மாவட்ட) அதிகாரியான ஷெரிஃப் பொறுக்கியெடுத்த பெருநிலக்காரர்கள். 1898 வரை அந்தக் கவுண்டியின் சாலை, பாலச் செலவுகளை முடிவு செய்ததும் இவர்களே. கதவைச் சாத்திக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சிகளை மட்டும் கேட்பார்கள். கைதியின் வக்கீல் உள்ளே போக முடியாது. 1816க்கு முன்பு சாட்சியின் முகத்தைக்கூடப் பார்க்காமல், எழுதி வாங்கிய வாக்குமூலத்தை வைத்தே முடிவெடுத்துவிடுவார்கள். 12 பேர் ஒத்துக்கொண்டால் குற்றப்பத்திரத்தின் முதுகில் ‘ட்ரூ பில்’ (வழக்கு விசாரணைக்குப் போகலாம்) என்று எழுதித் தலைவர் கையெழுத்திடுவார். இல்லையென்றால் ‘நோ பில்’. கைதி வீட்டுக்குப் போகலாம், ஆனால் அது விடுதலைத் தீர்ப்பு ஆகாது. அடுத்த அசைஸில் (நீதிபதிகள் கவுண்டிக்கு வந்து நடத்தும் நீதிமன்ற அமர்வில்) அதே குற்றத்துக்குப் புதுப் பத்திரம் வரலாம்.

பெட்டி ஜூரியில் 12 பேரும் ஒருமனப்பட வேண்டும். ஒருவர் பிடிவாதமாக நின்றாலும் தண்டனை கிடையாது, மறுவிசாரணைதான். விடுதலை என்றால் வழக்கு அதோடு தீர்ந்தது. 1836 முதல் கைதியின் வக்கீல் ஜூரியிடம் முழு வாதமும் வைக்கலாம்.

ஆனால் ஜூரிக்கு ஆள் எடுக்கப் பெயர் கூப்பிடும் நேரத்தில்தான் ஓட்டை. பெருங்குற்ற வழக்கில் கைதி காரணம் சொல்லாமல் 20 பேரை மறுக்கலாம். அரசுத் தரப்போ ‘ஸ்டாண்ட் பை’ என்று எத்தனை பேரையும் ஒதுக்கி நிறுத்தலாம். பட்டியல் தீர்ந்த பிறகுதான் காரணம் காட்ட வேண்டும். பட்டியல் நீளமானால் அந்தக் கட்டமே வராது. கத்தோலிக்கர்கள் இப்படித்தான் வரிசையாக வெளியே நிறுத்தப்பட்டார்கள். 1871 சட்டம் ஜூரிப் பட்டியல் போடும் ஷெரிஃபின் கையைக் கட்டி, அகரவரிசைப்படி பெயரெடுக்க வைத்தது. ஸ்டாண்ட் பையை அது தொடவில்லை.

1882இல் மேற்கு அயர்லாந்தின் மாம்ட்ராஸ்னா என்ற இடத்தில் நடந்த கொலை வழக்கை டப்ளின் கிரீன் தெரு நீதிமன்றத்துக்கு மாற்றி, வசதி படைத்தவர்களின் ஸ்பெஷல் ஜூரி முன் நடத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்ட மைல்ஸ் ஜாய்ஸுக்குத் தெரிந்தது ஐரிஷ் மொழி மட்டும். தன் வழக்கில் தானே சாட்சி சொல்லவும் அன்றைய சட்டம் இடம் தரவில்லை. ஜூரி ஆறு நிமிடத்தில் குற்றவாளி என்றது. டிசம்பரில் கால்வே சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அயர்லாந்துக் குடியரசுத் தலைவரின் மன்னிப்பு வந்தது 2018இல்.