ஆங்கி ஆப்பில் இங்கிலீஷ் இடியம்: இரண்டு வருடம் பயன்படுத்திய பிறகு

வேலூரில் நர்ஸிங் முடித்து ஓஈடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதப் படிப்பவர்களும், ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வெளிநாட்டு பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) மெயில் எழுதுபவர்களும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: இடியம், அதாவது மரபுத்தொடர். தனித்தனியாக எல்லா வார்த்தையும் தெரியும், சேர்ந்து வந்தால் புரியாது. 'பால்பார்க் ஃபிகர்' கேட்டு மெயில் வந்தால், தோராயமாக ஒரு விலை சொன்னால் போதும் என்று அந்த நொடியே தோன்ற வேண்டும். அதற்கு ஆங்கி நன்றாகவே உதவுகிறது, செட்டிங்கை மாற்றினால்.

2006-இல் டேமியன் எல்ம்ஸ் உருவாக்கிய செயலி இது. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்குக் காசு. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று அட்டை போட்டு வைத்தால், நாம் மறக்கப்போகும் சமயம் பார்த்து அதை மறுபடி காட்டும். ஒரு நாளைக்கு 20 புது அட்டை என்று அதிலேயே வைத்திருப்பார்கள். இடியத்துக்கு அது ரொம்ப அதிகம். பத்தே நாளில் 200 சேர்ந்துவிடும், இரண்டு நாள் விட்டால் மலையாகக் குவியும், பிறகு ஆப்பைத் திறக்கவே மனம் வராது. முதல் வேலையாக அதை 3 ஆக்குங்கள்.

ரெடிமேடாகக் கிடைக்கும் தொகுப்புகளில் முன்பக்கம் இடியம், பின்பக்கம் அர்த்தம் என்றுதான் இருக்கும். அதில் படித்தால் கேட்டதும் புரியும், ஆனால் வாயில் வராது. முன்பக்கத்தில் ஒரு சூழ்நிலையை எழுதுங்கள். உதாரணத்துக்கு ஓர் அட்டை:

முன்பக்கம்: "நைட் ஷிஃப்ட் முடியும் நேரம். நர்ஸுக்கு லேசாகச் சளி, தலைபாரம். கூட வேலை செய்பவரிடம் சொல்கிறார்: ஐ'ம் ஃபீலிங் எ பிட் ____."
பின்பக்கம்: "அண்டர் த வெதர். லேசாக உடம்புக்கு முடியாதபோது மட்டும். ஐசியூவில் இருப்பவரைப் பற்றிப் பேசும்போது கூடாது."

அந்தக் கடைசி வரிதான் அட்டையின் உயிர். எங்கே சொல்லக்கூடாது என்று தெரியாவிட்டால் அர்த்தம் தெரிந்தும் பயனில்லை. 'கிக் த பக்கெட்' என்றால் இறந்துபோவது என்று மனப்பாடம் செய்துவிட்டு, துக்க வீட்டில் அதைச் சொன்னால், 'மண்டையைப் போட்டார்' என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பெரும்பாலோர் கெடுவது, விடையைப் பார்த்தபின் அழுத்தும் பட்டனில். விடை ஞாபகம் வராதபோது 'ஹார்ட்' (கடினம்) அழுத்துகிறார்கள். ஆங்கியின் கணக்கில் ஹார்ட் என்றால் கஷ்டப்பட்டாவது ஞாபகம் வந்தது என்று பொருள். அட்டை இன்னும் தள்ளிப்போகும், தெரியாதது தெரியாததாகவே இருக்கும். மறந்திருந்தால் 'அகெய்ன்' (மறுபடி) மட்டும்தான். எட்டு முறை அப்படித் தவறிய அட்டைக்கு ஆப் 'லீச்' என்று பெயர் வைத்துவிடும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், சூழ்நிலையை மாற்றி வேறு அட்டை எழுதுங்கள்.

லீச் ஆகும் அட்டைகளைக் கவனித்தால், பலவற்றில் நம் தமிழே குறுக்கே நிற்பது தெரியும். 'ஒரே கல்லில் இரண்டு மாங்காய்' அங்கே இரண்டு பறவை, தொல்லை இல்லை. 'முதலைக் கண்ணீர்' அச்சு அசலாக அதேதான். ஆனால் 'காலை வாருவது' என்றால் நமக்குத் துரோகம், 'புல் சம்ஒன்ஸ் லெக்' என்றால் அவர்களுக்கு விளையாட்டாகச் சீண்டுவது. புரமோஷன் சமயத்தில் காலை வாரிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு 'ஹி புல்ட் மை லெக்' என்றால், கேட்பவர் சிரிப்பார். 'கறி'யிலிருந்து போனதாகச் சொல்லப்படும் 'கரி' என்ற சொல் ஆங்கிலத்தில் உண்டு, ஆனால் 'கரி ஃபேவர்' அதுவல்ல. குதிரைக்கு உருவிவிடுவதைக் குறித்த பழைய பிரெஞ்சு வழக்கிலிருந்து வந்தது; அர்த்தம் காக்கா பிடிப்பது.

ஷூ கம்பெனிக்காரர்கள் 'டேபிள்' என்ற சொல்லுக்கு இரண்டு அட்டை போட வேண்டும். பிரிட்டிஷ் பையர் ஒரு விஷயத்தை டேபிள் செய்வோம் என்றால் பேச எடுத்துக்கொள்வோம் என்று பொருள், அமெரிக்கர் சொன்னால் தள்ளிவைப்போம் என்று பொருள்.

எல்லா அட்டைக்கும் 'கேட்க', 'பேச' என்று டேக் வையுங்கள். கொட்டும் மழைக்குச் சொல்லும் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (பூனையும் நாயும்) 'கேட்க' மட்டும், இன்று அதைப் பேசுபவர் குறைவு. நோயாளி 'ஆன் த மெண்ட்' என்றால் தேறிவருகிறார் என்று நர்ஸுக்குப் புரிய வேண்டும். நோயாளியிடம் நர்ஸ் பேசும்போது எளிய வார்த்தையே நல்லது. 'பேச' டேக் உள்ளதற்கு டைப் செய்து விடை சொல்லும் வசதியைப் போடுங்கள். 'லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்' நடுவில் நாம் செருகும் 'த' அப்போதுதான் கண்ணில் படும்.

தோற்றக் கதை உறுதியாகத் தெரிந்தால் ஒரு வரி எழுதலாம். 'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது' என்ற இடியம் நம் 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது'தான்; நியூகாசில் இங்கிலாந்தின் நிலக்கரி ஊர். அங்கே ஆழச் சுரங்கங்களை மூடி வருடங்கள் ஆகியும் பேச்சில் நிலக்கரி இருக்கிறது. நம் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-லேயே லிங்கம் வைத்தாயிற்று, 'சாமி இல்லாத கோயில்' என்ற பேச்சு வேலூரில் இன்னும் போகவில்லை. அந்த அட்டையின் பின்பக்கத்தில் இதையும் எழுதி வையுங்கள், நியூகாசில் லீச் ஆகாது.